டேப் டான்ஸ் கிளாஸ்ல மூணாவது வாரம், கால் சொன்ன பேச்சு கேக்கல, ட்ராப் பண்ணிடவா?

தம்பி, நீங்க கேள்வியோட முதல் வரியில "20 வயசுல டேப் டான்ஸ் கத்துக்க முடியுமா"ன்னு போட்டிருக்கீங்க, ஆனா உள்ள எழுதியிருக்கறத படிச்சா கேள்வி அது இல்ல. அமெரிக்காவுல இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், ஆர்ட்ஸ்ல ஒரு க்ரெடிட் வேணும்னு டேப் 1ங்கற ஆரம்ப கிளாஸ் எடுத்தீங்க (ஷூ அடியில தகடு வெச்சு தரையில தாளம் தட்டி ஆடறதுதான் டேப்), முன் அனுபவம் தேவையில்லன்னு போட்டிருந்துச்சு, போய் நின்னா பாதிப் பேர் அஞ்சு வயசுலேர்ந்து ஆடினவங்க, உங்க ஷஃபிள்ங்கற ஸ்டெப் மட்டும் ரெண்டு சத்தமா கேக்காம ஒரே "சர்ர்"னு இழுக்குது, வர்ற வெள்ளிக்கிழமை ட்ராப் பண்ண கடைசி நாள். அதனால நீங்க உண்மையில கேக்கறது, "இது எனக்கு வராத வேலையா, இல்ல மூணாவது வாரம் எல்லாருக்கும் இப்படித்தானா"ன்னு. சின்ன வயசுல ரெண்டு வருஷம் மிருதங்கம் போனேன், அது எதுக்காவது உதவுமான்னு கடைசியில ஒரு வரி வேற. அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமா பட்டுது, அதுக்கு வர்றேன்.

என்னைப் பத்திச் சொல்லிடறேன், எவ்வளவு நம்பலாம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. சிகாகோவுல மாஸ்டர்ஸ் படிக்கறப்ப 23 வயசுல, பெரியவங்களுக்கான பிகினர் கிளாஸ்ல போய் நின்னேன், 14 வருஷம் ஆச்சு. கடைசி 8 வருஷமா சனிக்கிழமை பிகினர் கிளாஸ்ல டீச்சருக்கு ஒத்தாசையா கடைசி வரிசை பக்கத்துல நிக்கறது என் வேலை. அதாவது உங்கள மாதிரி முழிக்கறவங்களதான் நான் வாராவாரம் பார்க்கறேன். நான் ப்ரொஃபஷனல் டான்ஸர் கிடையாது, காசு வாங்கி மேடையில ஆடினதில்ல, இன்னிக்கும் எனக்கு விங்ஸ்ங்கற கஷ்டமான ஸ்டெப் சுத்தமா வராது. டாக்டரும் இல்ல. உங்க கால நேர்ல பார்க்கவும் இல்ல, எழுதினத வெச்சுதான் சொல்றேன்.

ட்ராப் பண்ணாதீங்க. காரணம் கணக்குலயே இருக்கு. 75 நிமிஷ கிளாஸ், வாரம் ரெண்டு, 14 வாரம்னா மொத்தம் 35 மணி நேரம். நீங்க இதுவரைக்கும் பார்த்தது 6 கிளாஸ், ஏழரை மணி நேரம். பக்கத்துல நிக்கற பொண்ணு பதினஞ்சு வருஷமா ஆடிட்டு, ஈஸியா ஒரு ஏ கிரேடு வரும்னு வந்து நிக்குது, எல்லா காலேஜ்லயும் டேப் 1ல இந்தக் கூட்டம் உண்டு. அவங்களோட உங்கள ஒப்பிட்டுப் பார்க்கறது, சரளிவரிசை பாடறவன் கச்சேரி வித்வான் பக்கத்துல உக்காந்து அழற மாதிரி. இது மாதிரி கிளாஸ்ல பெரும்பாலும் அட்டெண்டன்ஸுக்கும் முன்னேற்றத்துக்கும்தான் மார்க், ஆனா அது டிபார்ட்மென்ட்டுக்கு டிபார்ட்மென்ட் மாறும், உங்க சிலபஸ எடுத்து ஒரு தடவை பாருங்க. பாஸ்-ஃபெயில் ஆப்ஷன் இருந்தா, அந்த க்ரெடிட் உங்க டிகிரிக்குக் கணக்குல வருமான்னு அட்வைஸர்கிட்ட கேட்டுட்டு அதுக்கு மாத்திக்கோங்க, பாதி பயம் போயிடும்.

இப்ப அந்த ஷஃபிள். ஷஃபிள்ங்கறது முன்னாடி ஒரு பிரஷ் (முன்பாதத்தால தரையை வீசித் தட்டறது), பின்னாடி ஒரு பிரஷ் (பின்னாடி வர்றத ஸ்பேங்க்னு சொல்வாங்க), ரெண்டு சத்தம், அவ்வளவுதான். ரெண்டும் ஒட்டிக்கிட்டு "சர்ர்"னு வந்தா நான் பார்த்த வரைக்கும் பத்துல எட்டுப் பேருக்குக் கணுக்காலை இறுக்கிப் புடிச்சிருக்கறதுதான் காரணம். இறுக்கிட்டா பாதம் அசையாது, முட்டியிலேர்ந்து மொத்தக் காலும் ஊஞ்சல் மாதிரி ஆடும், அப்ப தகடு தரையைத் தட்டாது, தேய்க்கும். செருப்புல சேறு ஒட்டிக்கிட்டா நின்ன இடத்துலயே காலைத் தூக்கி ரெண்டு உதறு உதறுவோம்ல, அந்த அசைவுதான் ஷஃபிள். நாற்காலி முதுகைப் புடிச்சுக்கிட்டு, நிக்கற கால் முட்டிய லேசா மடக்கி, இன்னொரு தொடைய கொஞ்சம் தூக்கி, பாதத்தைத் தொங்க விட்டுட்டு உதறுங்க. சின்னதா, ரொம்பச் சின்னதா. பிகினர் எல்லாரும் தேவையை விட மூணு மடங்கு பெருசா வீசுவாங்க, சத்தம் வரணும்னு நினைச்சு. வேகம் ஏற ஏற அசைவு சுருங்கணும்.

ஆனா உங்க உண்மையான சிக்கல் ஷஃபிளே இல்லன்னு எனக்குத் தோணுது. "டீச்சர் காம்பினேஷன் சொல்லித் தர்றப்ப நடுவுல எந்தக் கால்னே மறந்துடுது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது ஞாபகமறதி இல்ல, எடை எந்தக் கால்ல இருக்குன்னு தெரியாம போறது. டேப்ல பாதி வார்த்தைகள் எடைய வெச்சுதான் பிரியுது. ஃப்ளாப்ல பிரஷ் பண்ணி அந்தக் கால் மேல ஏறி நிக்கறோம், ஸ்லாப்ல அதே ரெண்டு சத்தம்தான், ஆனா மேல ஏறி நிக்கறதில்ல. ஸ்டாம்ப்னா முழுப் பாதத்தையும் போட்டு எடையக் கொடுக்கறது, ஸ்டாம்ப்பும் ஸ்டோம்ப்பும் ஒண்ணுன்னு குழம்பாதீங்க, ஸ்டோம்ப்ல போட்ட உடனே கால் திரும்ப ஃப்ரீ. ஹாப்ல நின்ன கால்லயே குதிச்சு அதே கால்ல இறங்கறோம், லீப்ல மத்த கால்ல இறங்கறோம். காதுக்கு ஒண்ணு மாதிரியே கேக்கும், ஆனா அடுத்த ஸ்டெப்புக்கு எந்தக் கால் கிடைக்கும்ங்கறது தலைகீழா மாறிடும். அதனால அடுத்த கிளாஸ்ல டீச்சர் புதுசா ஒண்ணு காட்டினா முதல்ல சத்தம் போடாதீங்க, எடை மாறற இடத்த மட்டும் நடந்து பாருங்க. ஷஃபிள் பால் சேஞ்ச்னா (ஷஃபிளுக்கு அப்புறம் ஒரு கால் முன்பாதத்துல ஏறி உடனே மத்த காலுக்கு எடைய மாத்தறது) ஷஃபிள விட்டுடுங்க, "பால், சேஞ்ச்" மட்டும், வலது, இடது, அப்படியே நடங்க. எலும்புக்கூடு நின்னுடுச்சுன்னா மத்த சத்தத்த அப்புறம் ஒட்டிக்கலாம். இத எனக்கு யாரும் சொல்லல, ஒண்ணரை வருஷம் தடவித் தடவி நானா கண்டுபுடிச்சேன், அந்த எரிச்சல்லதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

சரி, மிருதங்கம். உதவும், நீங்க நினைக்கறத விட நிறைய. டேப் ஆடறவங்க தங்கள தாள வாத்தியக்காரங்களாதான் நினைச்சுப்பாங்க, கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாலும் நல்லா இருக்கணும்ங்கறதுதான் ரிதம் டேப்போட கணக்கு. உங்ககிட்ட சொற்கட்டு (தாளத்த வாயால சொல்ற "தகதிமி" மாதிரி சொற்கள்) இருக்கு, பக்கத்துல நிக்கற பொண்ணுக்கு அது கிடையாது. க்ராம்ப் ரோல்னா வலது முன்பாதம், இடது முன்பாதம், வலது குதி, இடது குதி, நாலு சத்தம், வாயால "தகதிமி"ன்னு சொல்லிக்கிட்டே போடுங்க. பாரடிடிலும் நாலுதான், குதிய ஊன்றி, பின்னால இழுத்து, முன்பாதம் வெச்சு, குதிய இறக்கறது, அதுவும் "தகதிமி". ஷஃபிள் ஸ்டெப் மூணு சத்தம், "தகிட". முதல்ல வாய், அப்புறம் கை, அப்புறம்தான் கால். வாயில வராத எதுவும் கால்ல வராது. இங்கயும் டீச்சர்கள் ஸ்டெப்ப வாயால பாடித்தான் காட்டுவாங்க, அதுக்கு ஸ்கேட்னு (scat) பேரு, நம்ம ஆளுங்களுக்கு அது இன்னும் சுலபம். 2000கள்ல ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித்ங்கற டேப் கலைஞரும் கதக் குரு பண்டிட் சித்ரேஷ் தாஸும் சேர்ந்து "இந்தியா ஜாஸ் ஸ்வீட்ஸ்"னு (India Jazz Suites) ஊர் ஊரா பண்ணினாங்க, ஒருத்தருக்கு ஷூல தகடு, இன்னொருத்தருக்கு வெறுங்கால்ல கிலோக்கணக்குல சலங்கை, ஒருத்தர் கேள்வி கேக்க இன்னொருத்தர் பதில் சொல்ற மாதிரி. தேடிப் பாருங்க, உங்களுக்கு ஏன் சொல்றேன்னு புரியும்.

ஆனா இதே மிருதங்கம் ஒரு இடத்துல உங்கள கவுக்கும், முன்கூட்டியே சொல்லிடறேன். ஜாஸ் பாட்டுல ஒரு அடிய ரெண்டாப் பிரிச்சா அந்த ரெண்டு பாதியும் சமமா இருக்காது, அதுக்குப் பேர்தான் ஸ்விங். நீங்க பழக்க தோஷத்துல "தக தக"ன்னு நேரா போடுவீங்க, டீச்சர் "ஸ்விங் பண்ணு"ம்பாங்க, அது என்னன்னு புரியாது. ஒரு அடிய திஸ்ரமா "தகிட"ன்னு மூணாப் பிரிச்சுக்கோங்க, நடுவுல இருக்கற "கி"ய முழுங்கிடுங்க, மிஞ்சறது "த..ட, த..ட". நடுத்தர வேகத்துக்கு இது போதும், வேகம் ஏறினா ரெண்டும் சமத்துக்குக் கிட்ட வந்துடும், அது கேட்டுக் கேட்டுத்தான் வரும், சூத்திரம் கிடையாது. ஃப்ளாப்லயும் இதே கதைதான், "அண்ட் ஒன்"ல பிரஷ் "அண்ட்"ல விழணும், ஏறி நிக்கறது "ஒன்"ல விழணும். முக்கால்வாசிப் பேர் பிரஷ்ஷ "ஒன்"ல போட்டுட்டு ஆயுசு முழுக்க அரை அடி லேட்டாவே ஓடுவாங்க.

அநேகமா செமஸ்டர் நடுவுல டைம் ஸ்டெப்னு ஒரு கோர்வை வரும். சிங்கிள் டைம் ஸ்டெப்னா ஸ்டோம்ப், ஹாப், ஸ்டெப், ஃப்ளாப், ஸ்டெப். முதல் ஸ்டெப்ப ஃப்ளாப்பா மாத்தினா டபுள், ஷஃபிள் ஸ்டெப்பா மாத்தினா ட்ரிபிள். இது ஒண்ணுல ஆரம்பிக்காது, முந்தின சுத்துல எட்டாவது எண்ணிக்கையிலயே ஆரம்பிச்சிடும், எல்லாரும் அங்கதான் தடுமாறுவாங்க. உங்களுக்கு ஒரே வார்த்தையில சொல்லிடலாம், அதீத எடுப்பு. சமத்துக்கு (தாளம் ஆரம்பிக்கற இடத்துக்கு) முன்னாடியே எடுக்கறது. கிளாஸ்ல அந்தப் பொண்ணு முழிக்கற அன்னிக்கு நீங்க சிரிச்சுக்கலாம், சும்மா சொன்னேன்.

பிராக்டீஸ் ஒரு நாளைக்கு 15 நிமிஷம் போதும், ஆனா தினமும். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் போட்டு மாவாட்டறது வேலைக்கு ஆகாது. மெட்ரோனோம (சீரா தட்டிக்கிட்டே இருக்கற தாளக் கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டுல வெச்சு ஒரு தட்டுக்கு ரெண்டு சத்தம், வலது ஒரு நிமிஷம், இடது ரெண்டு நிமிஷம் (இடது எப்பவும் மந்தம்தான், இடதுகைக்காரங்களுக்கு எப்படின்னு அவங்கதான் சொல்லணும்). ரெண்டு சத்தமும் ஒரே கனத்துல வந்தாதான் வேகத்த 5 ஏத்துங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, வீடியோ பார்க்காதீங்க, கண்ண மூடிட்டுக் கேளுங்க. கண்ணாடியும் வீடியோவும் பொய் சொல்லும், சத்தம் சொல்லாது. ஆன்லைன் வீடியோ பார்த்துக் கத்துக்கலாமான்னு கேட்டிருந்தீங்க, உங்க டீச்சர் சொன்னத திருப்பிப் பார்க்க நல்லது, புதுசா ஒண்ணு கத்துக்க இப்போதைக்கு வேண்டாம். பேரே ஊருக்கு ஊர் மாறும், இங்க புல்பேக்னு சொல்றத பிரிட்டன்ல பிக்-அப்ம்பாங்க, மூணாவது வாரத்துல இந்தக் குழப்பம் தேவையா?

எங்க ஆடறதுங்கறதுதான் ஹாஸ்டல் பசங்களுக்குப் பெரிய தலைவலி. கான்க்ரீட் மேல நேரா ஆடாதீங்க, மெல்லிசா கார்பெட்டோ டைல்ஸோ போட்டிருந்தாலும் அடியில கான்க்ரீட்னா அது கான்க்ரீட்தான், அடி மொத்தமும் முழங்காலுக்கும் முன்னங்கால் எலும்புக்கும் திரும்பி வரும். டைல்ஸ்ல வழுக்கும் வேற. பேலே ஆடற ரூம்ல விரிச்சிருக்கற வினைல் தரை மேல தகடு போட்ட ஷூவோட ஏறினா டிபார்ட்மென்ட்ல உங்கள உரிச்சிடுவாங்க. அடியில காத்தும் கட்டையும் விட்டு மேல மரம் போட்ட தரைதான் சரி, டேப் ஸ்டூடியோ காலியா இருக்கற நேரம் எப்பன்னு ஆபீஸ்ல கேளுங்க, நிறைய இடத்துல கிளாஸ்ல பேர் இருந்தாலே விடுவாங்க. இல்லன்னா ஹோம் டிப்போ மாதிரி வீட்டு வேலைச் சாமான் கடையில முக்கால் இன்ச் ப்ளைவுட் 4க்கு 8 அடி ஷீட் வாங்கி பாதியா வெட்டித் தரச் சொல்லுங்க, அடியில ஜிம்ல போடற ஃபோம் மேட், அது போதும். ஆனா ராத்திரியில வேண்டாம். நான் முதல் வருஷம் மூணாவது மாடி அபார்ட்மென்ட்ல ராத்திரி பத்து மணிக்கு க்ராம்ப் ரோல் போட்டு, கீழ் வீட்டுப் பெரியவர் துடைப்பக் கட்டையால சீலிங்கத் தட்டினாரு, நான் அதையும் சேர்த்து கவுன்ட் பண்ணிட்டிருந்தேன்னு வெச்சுக்கோங்க, மறுநாள் வீட்டு ஓனர்கிட்டேர்ந்து லெட்டர் வந்துடுச்சு. ராத்திரின்னா ஸாக்ஸோட, எடை மாத்தறத மட்டும் பழகுங்க.

ஷூவுக்கு ரொம்பச் செலவு பண்ண வேண்டாம். கேப்பசியோ, ப்ளாக் (Bloch) ரெண்டு கம்பெனியுமே பிகினர் ஷூ போடறாங்க, லேஸ் கட்டற ஆக்ஸ்ஃபோர்டு மாடல், குதி உயரம் கம்மியா இருக்கறதா பாருங்க. விலை கூடின லெதர் ஷூ சத்தம் நல்லாத்தான் இருக்கும், அடுத்த செமஸ்டரும் தொடர்ந்தா வாங்கிக்கலாம். சைஸ் கொஞ்சம் பெருசா எடுத்துடாதீங்க, உள்ள பாதம் வழுக்கினா ஷஃபிள் ஒட்டும், உங்க பிரச்சினையில இதுவும் ஒரு பங்கு இருக்கலாம், பாருங்க. தகட்டுல இருக்கற ஸ்க்ரூவ வாரம் ஒரு தடவை ஸ்க்ரூடிரைவர் வெச்சுப் பார்த்துக்கோங்க, வெளிய நீட்டிக்கிட்டிருந்தா தரை கீறும், கழண்டு விழுந்தா சத்தம் ஓட்டைப் பாத்திரம் மாதிரி ஆகிடும். அதப் போட்டுக்கிட்டு பார்க்கிங் லாட்ல நடக்காதீங்க.

முன்னங்கால் வலிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு ஓரமா பொதுவா ஒரு வலி வர்றது சகஜம், ரெஸ்ட் எடுத்தா குறையும், தரையும் இறுக்கமும் சரியானா பெரும்பாலும் போயிடும், இது வரைக்கும் என் அனுபவம். ஆனா ஒரே புள்ளியில விரல் வெச்சுக் காட்டற மாதிரி வலிச்சா, இல்ல படுத்திருக்கறப்பவும் வலிச்சா, அத இங்க கேட்டுட்டிருக்காதீங்க, காலேஜ் ஹெல்த் சென்டருக்குப் போங்க. எலும்புல மயிரிழை விரிசலா இருந்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

கிளாஸுக்காக நீங்க எழுத வேண்டிய அந்த மூணு பக்கப் பேப்பர், "டேப் ஐரிஷா ஆப்பிரிக்காவா"ங்கறதுக்கு ரெண்டுலயும் ஒண்ணுன்னு எழுதி மாட்டிக்காதீங்க. அடிமைகளா கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்கர்களோட ஜூபா மாதிரி ஆட்டங்களும், ஐரிஷ் ஜிக், இங்கிலாந்து க்ளாக் டான்ஸ் மாதிரி ஆட்டங்களும் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல ஒண்ணோட ஒண்ணு உரசி வந்தது இது, நியூயார்க்ல ஃபைவ் பாயின்ட்ஸ்ங்கற ஏழைங்க பேட்டை அதுக்கு முக்கியமான இடம். அங்க ஆடின கறுப்பின இளைஞர் வில்லியம் ஹென்றி லேன், மாஸ்டர் ஜூபான்னு பேரு, 1840கள்ல ஜான் டயமண்ட்ங்கற வெள்ளைக்கார டான்ஸரோட போட்டி போட்டு ஆடினவர். சார்லஸ் டிக்கன்ஸ் 1842ல எழுதின அமெரிக்கப் பயணப் புத்தகத்துல அந்தப் பேட்டையில பார்த்த ஒரு டான்ஸரப் பத்தி இருக்கு, பேர் சொல்லல, அது ஜூபாதான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க, நீங்களும் "சொல்றாங்க"ன்னே எழுதுங்க. இன்னொண்ணு, ஸ்டோனோ கிளர்ச்சிங்கற அடிமைகள் கலகத்துக்கு அப்புறம் 1740ல சவுத் கரோலினாவுல அடிமைகள் டிரம் வெச்சிருக்கறதத் தடை பண்ணினாங்க, அதனாலதான் தாளம் காலுக்கு வந்துச்சுன்னு ஒரு கதை எல்லா இடத்துலயும் ஓடும். சட்டம் உண்மை, ஆனா அதுலேர்ந்து டேப் வரைக்கும் நேரா கோடு போடறது சந்தேகம், உடம்பையே தாள வாத்தியமா வெச்சு ஆடறது அதுக்கு முன்னாடியே ஆப்பிரிக்காவுல இருந்த பழக்கம்தான். அப்புறம் வெள்ளைக்காரங்க மூஞ்சில கரியப் பூசிக்கிட்டு ஆடின மின்ஸ்ட்ரல் ஷோக்கள் வழியாத்தான் இது பரவுச்சுங்கற அசிங்கத்தையும் விட்டுடாதீங்க. முன்பாதத்துலயே நிமிர்ந்து லேசா ஆடின பில் போஜாங்கில்ஸ் ராபின்சன், குதிய இறக்கி தாளத்த அடர்த்தியாக்கின ஜான் பபிள்ஸ், இவங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு பத்தி எழுதினீங்கன்னா வாத்தியார் சந்தோஷப்படுவார். ராபின்சன் பொறந்த மே 25தான் 1989லேர்ந்து அமெரிக்காவுல தேசிய டேப் டான்ஸ் தினம்.

செமஸ்டர் கடைசியில ஷிம் ஷாம்ங்கற ஆட்டத்த சொல்லித் தருவாங்கன்னு நினைக்கறேன், அனேகமா எல்லா பிகினர் கிளாஸும் அங்கதான் போய் நிக்கும். லெனார்ட் ரீடும் வில்லி பிரயன்ட்டும் 1920கள் கடைசியில போட்டது, 32 பார், நாலு பகுதி. டேப் ஜாம் (டேப் ஆடறவங்க கூடி ஆடற நிகழ்ச்சி) எங்க நடந்தாலும் முடிவுல பெரிய கலைஞர்லேர்ந்து நேத்து ஷூ வாங்கினவன் வரைக்கும் எல்லாரும் ஒரே வரிசையில நின்னு ஆடறது இதுதான். அத கத்துக்கிட்டா அமெரிக்காவுல எந்த ஊர் ஜாமுக்கும் போய் நிக்கலாம். காலேஜ்லயே ஸ்டூடன்ட்ஸ் நடத்தற டேப் குழு இருக்கான்னும் பாருங்க, மிச்சிகன்ல ரிதம் டேப் ஆன்சாம்பிள், பென்சில்வேனியாவுல சவுண்ட்வொர்க்ஸ், ப்ரின்ஸ்டன்ல டேப்கேட்ஸ் மாதிரி நிறைய இருக்கு. இப்பவே ஆடிஷனுக்குப் போக வேண்டாம், ஷோ பார்க்கப் போங்க, முன் வரிசையில கால் தெரியற இடமா உக்காருங்க.

வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி இன்னும் ஒரு கிளாஸ் இருக்குல்ல, அதுல கடைசி வரிசையில ஒளியாம ரெண்டாவது வரிசைக்குப் போங்க, டீச்சரோட கால் தெரியணும், திரும்பறப்ப முன்னாடி யாராவது இருக்கணும். கிளாஸ் முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் நிறுத்தி "என் ஷஃபிள் ஏன் ஒட்டுது, ஒரு தடவை பாருங்க"ன்னு கேளுங்க, நான் மேல சொன்னத விட அவங்க கண்ணால பார்த்துச் சொல்றதுதான் சரி, வேற சொன்னாங்கன்னா அதையே கேளுங்க. முடிஞ்சா மெட்ரோனோமோட ஒரு நிமிஷ ஆடியோ எடுத்து இங்க போடுங்க, கேட்டுட்டு எந்த சத்தம் முழுங்குதுன்னு சொல்றேன். வீடியோ வேண்டாம்.